காற்று எந்தப் பக்கம்

பிப்ரவரி முடிகிறது.

அயோவாவின் வடகிழக்கு மூலை. அலமக்கீ கவுண்டி. முகட்டின் மேல் வயல். சரிவெல்லாம் காடு. அடியில் ஓடை.

கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்த மூலையைத் தொடாமல் போயின. நிலம் இன்னும் மடிந்து மடிந்து கிடக்கிறது.

பனி பாதி உருகிவிட்டது. மீதி, மரங்களின் வடக்கு நிழலில்.

*

மான் வேட்டைப் பருவம் ஜனவரியில் முடிந்தது. வில்லுக்கு இனி அக்டோபர்.

அதுவரை நடப்பது. பார்ப்பது.

*

மக்காச்சோளம் அறுத்த வயல். கணுக்கால் உயரத்துக்குத் தட்டைகள் நிற்கின்றன. இயந்திரம் தவறவிட்ட கதிர் ஒன்று பாதி மண்ணுக்குள். மேலே தெரியும் பக்கத்தில் மணி இல்லை.

காட்டோரம் புழுக்கை. உலர்ந்து எடையற்றுப் போயிருக்கிறது. விரலால் அழுத்துகிறேன். நார் நாராகப் பிரிகிறது. சுள்ளியும் மொட்டும் தின்ற குளிர்காலம்.

புதரின் நுனிகள் பிய்ந்திருக்கின்றன. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கவ்வி இழுக்கிறது. பட்டை கிழிந்து தொங்குகிறது.

அதே புதரில், தாழ்வாக, சாய்வாக வெட்டுப்பட்ட ஒரு நுனி. சுத்தமான வெட்டு. அது முயல்.

*

இலை இல்லாத காடு. நவம்பரில் நடந்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது.

இப்போது எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். என் வாசனை தங்கினாலும் மழை கழுவிவிடும். கலைந்த மான் திரும்பி வர மாதங்கள் இருக்கின்றன. செப்டம்பரில் இதே இடத்தில் கால் வைக்க மாட்டேன்.

*

ஒரு செடார் கன்று. இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்திருக்கிறது. உள்மரம் சிவப்பு. முகத்தை அருகே கொண்டுபோகிறேன். இன்னும் மணக்கிறது.

கடா கொம்பைத் தேய்த்த இடம். அதன் நெற்றியிலும் ஒரு சுரப்பி உண்டு. தேய்க்கும்போது தன் வாசனையையும் விட்டுப்போகிறது. எனக்கு எட்டுவது செடாரின் மணம் மட்டும்.

பெரும்பாலும் உரிந்த பக்கம், அது வந்த திசையைப் பார்த்திருக்கும்.

அந்தத் திசையில் திரும்பி நிற்கிறேன். மேற்கே ஒரு கிளைமுகடு. முட்புதர். நடுவில் இன்னொரு மரம், அதிலும் உரிந்த வெள்ளை. அதற்கப்பால் இன்னொன்று.

மூன்றும் ஒரு கோட்டில்.

*

கோட்டின் முடிவில் தொடைப் பருமனில் ஒரு மரம். தழும்பின் மேல் தழும்பு. மரம் தன் காயத்தை மூடியிருக்கிறது. மூடிய இடத்தில் புதிய கீறல். மறுபடி மூடியிருக்கிறது.

ஒரே கடாவாக இருக்க முடியாது. இடம்தான் கைமாறி வருகிறது.

*

கிளைமுகட்டில், உச்சிக்குச் சற்றுக் கீழே, சருகு அமுங்கிய ஒரு நீள்வட்டம். படுக்கை.

குனிந்து உட்காருகிறேன். மான் படுத்த உயரத்துக்குத் தலையைத் தாழ்த்துகிறேன்.

முதுகுப் பக்கமிருந்து காற்று. வடமேற்கு. முகட்டுக்குப் பின்னால் என்ன வந்தாலும் காற்று சொல்லிவிடும். முன்னால் சரிவு முழுவதும் கண்ணுக்குத் திறந்திருக்கிறது. ஓடை தெரிகிறது. நான் இதுவரை ஏறிவந்த பாதையும் தெரிகிறது.

எத்தனை முறை என்னை இங்கிருந்து பார்த்திருக்கும்.

உட்கார்ந்தே இருக்கிறேன். குளிர் துணி வழியாக ஏறுகிறது.

சருகில் ஒரு மயிர். உள்ளே குழலாக இருக்கும் குளிர்கால மயிர். வளைத்தால் மடிந்து நிற்கிறது.

*

மார்ச்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒற்றைக் கொம்பு. நான்கு முனை. தாவி இறங்கிய அதிர்வில் விழுந்திருக்கலாம்.

அடிப்பக்கம் சொரசொரப்பு. முனைகளில் வழவழப்பு. ஓர் ஓரத்தில் நுண்ணிய பல் தடங்கள். எலியும் அணிலும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும்.

இந்தக் கடா பருவத்தைத் தாண்டிவிட்டது. எங்கோ இருக்கிறது, தலையில் கொம்பில்லாமல்.

இணைக் கொம்பைத் தேடுகிறேன். இல்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில் விழவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கையில் கனம். குளிர்ச்சி. சிறிது நேரத்தில் கையின் சூடு அதற்கும்.

*

நிலத்துக்காரர் வீட்டுச் சமையலறை. எழுபதைத் தாண்டியவர். காப்பி ஊற்றுகிறார்.

அயோவாவில் ஏறக்குறைய 97 விழுக்காடு நிலம் தனியார் கையில். கேட்டுத்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். போன வருடம் தந்த அனுமதி போன வருடத்துக்கு.

"ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு விட்டிருக்கேன். கேட்டைச் சாத்திட்டுப் போங்க" என்கிறார்.

அவ்வளவுதான் பேச்சு. ஜன்னலுக்கு வெளியே மேகம் நகர்கிறது. இருவரும் அதைப் பார்க்கிறோம்.

போகும் வழியில் அறுந்திருந்த கம்பிவேலியை முறுக்கிக் கட்டுகிறேன்.

*

1898-இல் அயோவா மான் வேட்டையை முழுவதுமாக மூடியது. மூடும்போது மாநிலத்தில் மான் அநேகமாக இல்லை. காடு வயலானது. இறைச்சியும் தோலும் சந்தைக்குப் போயின.

இரண்டு வருடம் கழித்து, 1900-இல், காட்டு உயிரைச் சட்டத்தை மீறிக் கொன்று மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ஜான் லேசி. அயோவாவின் காங்கிரஸ் உறுப்பினர்.

வேட்டை மறுபடி திறந்தது 1953-இல். ஐம்பத்தைந்து வருடம்.

ஒரு தலைமுறை முழுவதும் இந்தச் சரிவில் மான் தடம் காணாமல் உழுது, அறுத்து, இறந்துபோயிருக்கிறது.

தடத்தின் மேல் தடம் மிதிபட்டிருக்கும் ஓடையோரச் சேற்றைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வருகிறது.

*

ஏப்ரல். மழை. சட்டைக் கையில் உண்ணி ஒன்று ஏறுகிறது. எள்ளைவிடச் சிறிது. தட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். லைம் நோயைச் சுமப்பது இதுதான்.

*

சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் இந்த மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தவர். வில்லைத் தன் கையாலேயே செதுக்கினார். விஸ்கான்சினில், பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் 1948 ஏப்ரல் 21 அன்று இறந்தார்.

அவர் செதுக்கிய மரங்களில் ஓசேஜ் ஆரஞ்சும் ஒன்று. அயோவாவின் தெற்கே பழைய பண்ணைகளில் அதை உயிர்வேலியாக நட்டிருக்கிறார்கள். முள்வேலியாக நின்றதும் வில்லாக வளைந்ததும் ஒரே மரம்.

என் வில் மரம் இல்லை. கப்பி வைத்த காம்பவுண்ட் வில். அலுமினியம், நார், கம்பி.

*

மே. விதைப்பு.

டிராக்டரின் ஓசை முகட்டில் போய் வருகிறது. அது நிற்கும்போது குருவிகள் கேட்கின்றன. அவை அதற்கு முன்பும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பட்டுப்போன எல்ம் மரத்தடியில் மோரல் காளான். தேன்கூட்டுத் தலை.

*

பள்ளத்தின் தலைப்பில் ஓர் ஓக். அதில்தான் பரண்.

மேற்கே கிளைமுகடு, படுக்கை இருக்கும் இடம். வடக்கே குதிரைமசால் வயல். படுக்கையிலிருந்து வயலுக்குப் போகும் மான் பள்ளத்தில் இறங்கி ஏறுவதில்லை. அதன் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஓக்குக்கு வடமேற்கே, சுமார் 18 மீட்டரில், தடம் ஓடுகிறது.

வடமேற்குக் காற்று அடித்தால் என் வாசனை பள்ளத்தின் மேல் வெறும் காற்றில் போகும்.

பரணைக் கட்டிய பட்டைகளை அவிழ்க்கிறேன். ஒன்றை அணில் கொறித்திருக்கிறது. இன்னொன்று வெயிலில் வெளுத்து விறைத்திருக்கிறது. மரம் ஒரு வருடம் பருத்திருக்கிறது. பட்டை அதன் தோலில் பதிந்துவிட்டது.

எல்லாம் புதிது கட்டுகிறேன்.

கால் தரையை விட்டுக் கிளம்பும்போதே உடம்புக் கச்சையும் உயிர்க்கயிறும் இணைந்திருக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பது கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் மனிதர்கள் அதிகம் விழுகிறார்கள்.

மேலே உட்கார்ந்து பார்க்கிறேன். இலை முழுதாக வந்துவிட்டது. தடம் தெரியவில்லை. இலையின் அசைவு மட்டும்.

*

ஜூன் முதல் வாரம்.

"நாளைக்குக் காலையில குதிரைமசால் அறுக்கிறேன்" என்று நிலத்துக்காரர் போன் செய்கிறார்.

சாயங்காலம் வயலில் இறங்குகிறேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. இரண்டடி தள்ளி, மறுபடி இந்தக் கோடி. முழங்காலுக்கு மேல் பயிர். ஊதாப் பூ. கால்சட்டை நனைந்துவிட்டது.

மே கடைசியிலும் ஜூனிலும் குட்டிகள் பிறக்கின்றன. முதல் அறுப்பும் அப்போதுதான். குட்டி ஓடாது. அறுக்கும் இயந்திரம் வந்தாலும் ஓடாது.

நடுவயலில் காண்கிறேன். அடுத்த எட்டில் மிதித்திருப்பேன்.

சுருண்டு கிடக்கிறது. கழுத்து தரையோடு. காது பின்னால் மடிந்து ஒட்டியிருக்கிறது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள். கண் திறந்திருக்கிறது. அதில் வானம்.

அசையவில்லை. பயத்தில் குட்டி மானின் இதயம் மெதுவாகிறது. மூச்சும் குறைகிறது. வாசனையும் அநேகமாக இல்லை. இந்த வயதில் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, இல்லாமல் போவது.

கண்ணோரத்தில் ஓர் ஈ. குட்டி இமைக்கவில்லை.

தொடவில்லை. நான்கு பக்கமும் குச்சி ஊன்றி மேலே ஆரஞ்சுத் துணி கட்டுகிறேன். மானுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. தாய் மிரளாது. பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறது. நான் போனால் வரும்.

திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன்.

மறுநாள் மதியம். அறுத்த வயல், வரிவரியாக. நடுவில் ஒரு திட்டு மட்டும் அறுபடாமல் நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்க்கிறேன். அமுங்கிய இடம் இருக்கிறது. குட்டி இல்லை.

*

இத்தனையும் ஓர் உயிரை எடுப்பதற்கு.

அந்த எண்ணம் வருகிறது. வரட்டும். பக்கத்தில் உட்காருகிறது. பதில் எதுவும் கேட்கவில்லை.

*

ஜூலை. சோயா வயல் இடுப்பளவு.

சாலையோரம் வண்டியை நிறுத்தி பைனாகுலரில் பார்க்கிறேன். அரை மைல் தொலைவு. அஸ்தமன நேரம். பழுப்பு முதுகுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மேல் எழுகின்றன.

கடாக்கள் இப்போது கூட்டமாக இருக்கின்றன. நவம்பரில் ஒன்றையொன்று முட்டப்போகிறவை தோளோடு தோள் மேய்கின்றன. கொம்பின் மேல் மகமல் தோல். அதற்குள் ரத்தம் ஓடுகிறது. தொட்டால் சூடாக இருக்குமாம்.

விலங்குகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை. ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடிகிறது. பிறகு ரத்தம் நிற்கிறது. தோல் உரிகிறது. மிஞ்சுவது செத்த எலும்பு. அதைத்தான் கிரீடமாகச் சுமக்கிறது.

ஒன்று தலை நிமிர்கிறது. சாலையைப் பார்க்கிறது. மூச்சை அடக்குகிறேன், அரை மைல் தொலைவில்.

*

காட்டுப் பார்ஸ்னிப் பூத்திருக்கிறது. மஞ்சள் குடை. சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளிக்கும். முழுக்கைச் சட்டை.

பரணிலிருந்து தடத்துக்கு ஒரே ஒரு சந்து மட்டும் திறக்கிறேன். மூன்று கிளைகள். கைரம்பம். தூள் நெஞ்சில் உதிர்கிறது.

நாலாவது கிளையையும் வெட்டலாம். விடுகிறேன். என்னை மறைக்கவும் ஏதாவது வேண்டும்.

*

தானியங்கிக் கேமராவின் அட்டையை எடுத்துவருகிறேன். ரக்கூன். ரக்கூன். அசைந்த புல். பெட்டை மான், இரவு, கண்கள் வெள்ளை. ரக்கூன்.

ஒரு படத்தில் கொம்பின் நுனி மட்டும், சட்டத்தின் ஓரத்தில்.

அடிக்கடி போய்ப் பார்த்தால் கேமரா காட்டுவது நான் கலைத்த காட்டைத்தான். இனி மழை பெய்யும் நாளில் மட்டும்.

*

கொல்லையில் பயிற்சி. சாயங்காலம்.

கால் பதிகிறது. நாணை இழுக்கிறேன். பாரம் ஏறி, உச்சியைத் தாண்டியதும் கப்பி சுழன்று குறைகிறது. நாண் உதட்டோரத்தைத் தொடுகிறது. எப்போதும் அதே இடம்.

மூச்சு பாதியில் நிற்கிறது.

பின் முதுகு இறுகுகிறது. விரல் எதுவும் செய்யவில்லை. அம்பு போயிருக்கிறது.

*

அம்பு நொடிக்கு 80 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 18 மீட்டருக்குக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. நாணின் ஓசை அதைவிட நான்கு மடங்கு வேகம். ஓசை முதலில் போய்ச் சேர்கிறது. கேட்ட மான் தாவுவதற்காகத் தாழ்கிறது. அம்பு வரும்போது உடம்பு அங்கே இல்லை.

ஆகவே தொலைவு. ஆகவே பக்கவாட்டில் நிற்கும் மான், தலை தாழ்ந்து மேயும் மான். முன்கால் தோளுக்குப் பின்னால் சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம். நுரையீரல்.

என் கை 30 மீட்டரில் தவறுவதில்லை. காட்டில் என் எல்லை 20. அதற்கு மேல் எய்வது மானின் கணக்கில் என் திறமையைச் சோதிப்பது. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

அம்பு முனையைத் தீட்டுகிறேன். கல்லின் மேல் எண்ணெய். முன்கை மயிரில் வைத்துப் பார்க்கிறேன். மழிக்கிறது. இன்னும் கொஞ்சம்.

*

ஆகஸ்ட் கடைசி. பரணுக்குக் கடைசி முறை.

பையில் மில்க்வீட் பஞ்சு. எருக்கின் குடும்பம். போன இலையுதிர்காலத்தில் வெடிக்குமுன் பறித்த காய்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் இந்தக் காய்களை மூட்டை மூட்டையாகச் சேகரித்தார்கள். கடற்படையின் மிதவைச் சட்டைகளுக்குள் இந்தப் பஞ்சு போனது.

ஓர் இழையை விடுகிறேன்.

தென்கிழக்கே போகிறது. பள்ளத்தின் மேல் மிதக்கிறது. நல்லது. அப்புறம் நிற்கிறது. ஒரு சுழலில் எழுகிறது. திரும்பி என் முகத்தருகே வந்து, தாண்டி, தடத்தின் பக்கம் போகிறது.

வெயில் இருக்கும்வரை சரிவின் சூட்டில் காற்று மேலே ஏறும்.

காத்திருக்கிறேன். நிழல் ஓடையிலிருந்து ஏறி வருகிறது. கழுத்தின் பின்னால் குளிர்.

இன்னோர் இழை. தாழ்கிறது. பள்ளத்துக்குள் இறங்குகிறது. மெதுவாக, நீர் போகும் வழியே. குளிர்ந்து கனத்த காற்று கீழே வடிகிறது.

கண்ணுக்கு எட்டும்வரை பார்க்கிறேன். பிறகும் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறேன்.

வாசனையை மறைக்கும் திரவங்கள் கடையில் எத்தனையோ. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து உட்காருவதுதான் வேட்டை.

*

செப்டம்பர். மகமல் உரிந்துவிட்டது. அதில் ஒரு துண்டு கிழிந்து செடியில் தொங்குகிறது, உலர்ந்த ரத்தத்தோடு.

சோயா மஞ்சளாகிறது. மஞ்சளான சோயாவை மான் விட்டுவிடும். போன மாதம் முழுக்க வயலில் நின்றவற்றை இப்போது காணவில்லை.

தொலைவில் நின்று பைனாகுலரில் ஓக் மரங்களின் உச்சியைப் பார்க்கிறேன். வெள்ளை ஓக் ஒரே வருடத்தில் காய்த்து முதிர்கிறது. சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருடம். வெள்ளையில் துவர்ப்பு குறைவு. அதைத்தான் முதலில் தேடி வரும்.

காய் நிறைய.

*

அயோவாவின் காட்டு மான்களில் உருக்கும் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தக் கவுண்டியில். 2013 பருவத்தில் வேட்டையாடப்பட்ட ஒரு மான். க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று பெயர். மடிப்பு மாறிய ஒரு புரதம். மூளையைத் துளையாக்குகிறது. எச்சிலில் வருகிறது. மண்ணில் வருடக்கணக்கில் தங்குகிறது. மருந்து இல்லை.

உப்புக்கட்டியும் சோளக் குவியலும் பல மூக்குகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். தீனி வைத்து வேட்டையாடுவது இங்கே சட்டவிரோதம். அது சரியான சட்டம்.

இந்த வருடம் மான் கிடைத்தால் தொண்டை நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை இறைச்சி உறைபெட்டியில்.

*

காட்டுக்குள் போகவில்லை. வேலிக்கு வெளியே நிற்கிறேன்.

ஓக் காய் விழும் ஓசை. இலையில் பட்டு, கிளையில் பட்டு, மண்ணில்.

நீண்ட நேரம் எதுவும் இல்லை.

இன்னொன்று.

*

செப்டம்பர் 30. வில் கொக்கியில் தொங்குகிறது. நிலத்துக்காரருக்கு போன் செய்து சொல்லியாகிவிட்டது. வானிலை அறிக்கையில் நாளை தென்கிழக்குக் காற்று.

அயோவாவில் வில் பருவம் அக்டோபர் 1-இல் திறக்கிறது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை எய்யலாம். தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் அந்த ஓக்கில் நான் ஏறுவதில்லை.